தொண்டை டாக்டரம்மா வைத்த பாக்கி

தொண்டை டாக்டரம்மா எனக்கு நாலாயிரம் தர வேண்டியிருந்தது. அவருடைய ஆஸ்பத்திரிக்கு நான் செய்து மாட்டிய வாசல் இரும்புக் கதவின் கூலியில் கடைசிப் பாக்கி. வாங்கப் போகும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைத்தான் பார்ப்பார். "முழுங்குங்க, பார்ப்போம்" என்பார். கடனை வசூலிக்க வந்தவன் எச்சிலை விழுங்கிக் காட்டிக்கொண்டு நிற்பேன். "உங்க தொண்டை நல்லாத்தான் இருக்கு. உங்க கதவுதான் நல்லால்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

கதவு கிறீச்சிடுகிறதாம். அந்தச் சத்தம் என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்குப் பணமாம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு சுத்தியலும் ஒரு கடன்வாங்கிய வெல்டிங் மெஷினும் வைத்துத் தொடங்கினேன். இன்றைக்கு என் பட்டறையை நம்பிப் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நாலு வாசலுக்கு ஒரு வாசல் என் கைவேலையாகத்தான் இருக்கும். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். என் கதவு துருப்பிடித்தது என்று ஒருவன் சொன்னதில்லை. தொங்கிவிட்டது என்று ஒருவன் சொன்னதில்லை. கத்துகிறது என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான். நானே போய்த் திறந்து மூடிப் பார்த்தேன். ஒரு முறைக்குப் பத்து முறை. பூனை நடந்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா சின்ன உருவம். ஐம்பது வயது இருக்கும். தலையில் கொண்டை, அந்தக் கொண்டைக்குள் ஒரு குட்டி டார்ச் லைட். நோயாளி வாயைத் திறந்ததும் கோட்டுப் பையில் தேடுவார், மேஜை இழுப்பறையில் தேடுவார், நோயாளி வாயைத் திறந்தபடியே கையை உயர்த்தி அவர் தலையைச் சுட்டிக் காட்டுவார். பழைய நோயாளிகள் உள்ளே வந்ததுமே, "டாக்டரம்மா, டார்ச் கொண்டையில இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஆட்களை அவருக்கு முகத்தால் நினைவிருக்காது, தொண்டையால்தான் நினைவிருக்கும். ஒரு நாள் கடைத்தெருவில் ஒருவர் வழிமறித்து, "என்னைத் தெரியலையா டாக்டர், போன வருஷம் ஆபரேஷன் பண்ணீங்களே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த அம்மா திருதிருவென்று விழிக்கிறார். கடைசியில் அந்த மனுஷன் சலித்துப்போய்ப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "அட, நீங்களா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார் இவர். நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது.

சத்தம் மட்டும் ஆகாது. அவர் அறையில் கடிகாரம் கிடையாது. அது குளியலறைக்குள் தொங்குகிறது, டிக்டிக்கென்று அடிக்கிற குற்றத்துக்காக. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்றால் உடனே நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டே வைத்தியம் பார்ப்பார். பிஸ்கட்டைக்கூட டீயில் நன்றாக ஊறவைத்துத்தான் தின்பார். பேச்சும் அப்படித்தான், உதட்டைத் தாண்டாது. "கத்திப் பேசினா எவன் கேக்கறான்? மெதுவா பேசினாத்தான் கிட்ட வந்து கேப்பாங்க" என்பது அவருடைய கொள்கை. அவர் பேசும்போது நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். மரியாதைக்காகத்தான்.

பணத்தில் கெட்டி. வந்த தபால் உறைகளைக் கிழித்து அவற்றின் பின்பக்கத்தில்தான் மருந்து எழுதுவார். டோக்கனுக்கு அட்டை வாங்கினால் கிழிந்து போகிறது என்று என்னிடம்தான் வந்தார். பட்டறையில் மிஞ்சிய தகட்டில் வட்ட வட்டமாக, நம்பரோடு, என் பிளாஸ்மா மெஷினில் வெட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்த டோக்கன்கள் நோயாளிகளின் கையில் பளபளவென்று மின்னுவதைப் பார்த்துக்கொண்டே, உள்ளே போய் என் பாக்கியைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை என்று என் மகளிடம் சொல்லிச் சிரிப்பேன். உள்ளே எரியும்.

பணம் பெரிதில்லை. என் கதவைக் குறை சொல்லிவிட்டாரே, அதுதான் தூங்க விடவில்லை. ஒரு யோசனை வந்தது. சாட்சி வைத்தால் என்ன? பெரியவர்களை வைத்தால் டாக்டருக்குப் பயந்து அவர் பக்கம் பேசிவிடுவார்கள். பொய் சொல்லத் தெரியாத சாட்சி ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. மகள் வயிற்றுப் பேத்தி, ஏழு வயது. வீட்டில் அவளுக்கு 'எஞ்சின்' என்று பெயர். மத்தியானம் படுத்தாள் என்றால் அவள் விடும் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். நான் போட்ட கம்பி, அதனால் பெயர்ந்து விழவில்லை. என் வம்சத்தின் நெஞ்சு பலம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மகளும் வந்தாள், அவளுக்கு என்னை நம்பிப் பிள்ளையை அனுப்பப் பயம். டாக்டரம்மாவை வாசலுக்கே வரவழைத்தேன். பேத்தியைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மெதுவாகத் திறந்தேன், மெதுவாக மூடினேன்.

"பாப்பா, சத்தம் ஏதாவது கேக்குதா?"

"இல்ல தாத்தா."

"நல்லா கேட்டுச் சொல்லு. கிறீச்சுனு ஏதாவது?"

"ஒண்ணுமே கேக்கலை."

நான் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கோர்ட்டில் ஜெயித்தவன் கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அந்த அம்மாவோ கதவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பேத்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வழக்கம்போல லேசாகத் திறந்திருந்தது.

பிறகு பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை உருவினார். சரி, வழிக்கு வந்துவிட்டார் என்று நான் கையை நீட்டப் போனேன். அவர் என்னைக் கடந்து பேத்தியின் முதுகுப் பக்கம் போனார். புது நோட்டு, மொடமொடவென்று இருந்தது. அதை அவள் வலது காதுக்குப் பக்கத்தில் வைத்து விரல்களால் தேய்த்தார். அவள் திரும்பவில்லை. இடது காது. அதற்கும் திரும்பவில்லை. கதவின் பூ வேலைப்பாட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா நோட்டை மறுபடி பர்ஸுக்குள் வைத்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார். என் மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

டார்ச், கொண்டை, 'ஆ' சொல்லு, எல்லாம் நடந்தது. காதுக்குள் பார்த்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு ஒரு சின்னத் திரையில் பார்த்தார். அண்ணத்துக்கு மேலே, மூக்கும் தொண்டையும் சேருகிற சந்தில், குழந்தைகளுக்கு ஒரு சதை இருக்குமாம். அடினாய்டு என்று பெயர். இவளுக்கு அது வளர்ந்து வழியையே அடைத்திருக்கிறது. அதனால்தான் வாயால் மூச்சு விடுகிறாள். காதுக்குக் காற்றுக் கொண்டுபோகும் சின்னக் குழாயும் அந்தச் சந்தில்தான் திறக்கிறது. அதுவும் அடைபட்டுப்போய், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி நிற்கிறது.

"தண்ணிக்குள்ள தலையை முக்கிக்கிட்டு வெளிய பேசறதைக் கேட்டா எப்படி இருக்கும்? இவ ரொம்ப நாளா அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார் டாக்டரம்மா. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்டார். நான் பெருமைப்பட்ட குறட்டையின் நடுவில் அப்படி ஓர் இடைவெளி வருவது வாஸ்தவம். கியர் மாற்றுகிறாள் என்று நாங்கள் சிரிப்போம். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

என் மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைக்குக் கவனமே இல்லை என்று டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். வீட்டில் கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் என்று இவளும் அடிக்கடி அதட்டுவாள். "இந்தக் காதைப் பிடிச்சுத்தானேம்மா திருகினேன்" என்றாள் டாக்டரிடம். 

"திருகினதுல ஒண்ணும் ஆகலை. அடைப்பு உள்ள இருக்கு. எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

எப்படி எடுப்பீர்கள் என்று நான் கேட்டேன். அங்கேதான் வினை. பிளாஸ்மாவில் என்றார்.

எனக்கா பிளாஸ்மா தெரியாது? என் பட்டறைக்கு அந்த மெஷின் வந்தபோது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. காற்றை அழுத்தி, மின்சாரத்தைக் கொடுத்துக் கொளுத்தினால் முனையில் நீல நாக்கு ஒன்று வரும். விரல் பருமன் தகடு அதில் வெண்ணெய் மாதிரி பிளக்கும். அதன் பொறி ஒன்று தெறித்து என் முன்கையில் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவேன். டாக்டரம்மாவிடமும் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். இரும்பை வெட்டுகிற நெருப்பைப் பச்சைப் பிள்ளையின் தொண்டைக்குள் விடுவதா, என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்று சொல்லிவிட்டேன். என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மகள் அழுதாள். நான் அசையவில்லை.

டாக்டரம்மா அந்தத் தழும்பை டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு" என்றார். பிறகு, "நான் சொல்றதை நம்ப வேண்டாம். திங்கக்கிழமை சாயங்காலம் வாங்க. வந்து மோந்து பாருங்க" என்றார்.

போனேன். மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன அறை. மேஜையில் ஒரு தட்டு, தட்டில் கோழி இறைச்சித் துண்டு ஒன்று. பக்கத்தில் ரேடியோப் பெட்டி அளவில் அந்த மெஷின். இதுவா என்று கேட்டேன். என் மெஷினை ரெண்டு ஆள் தூக்க வேண்டும். அதிலிருந்து வரும் கோல் பேனா பருமன், நுனியில் வளைவு. தேதி முடிந்துபோன கோல் ஒன்றை, என்னைப் போல நம்பாத ஆட்களுக்குக் காட்டுவதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். காசை வீணாக்காத கை.

உட்கார்ந்ததும் வலது கால் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். மேஜைக்குக் கீழே ரெண்டு மிதிகட்டை, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. மஞ்சள் சதையை எடுக்க, நீலம் ரத்தத்தை நிறுத்த. வெறுங்காலால் அழுத்தினால்தான் அவருக்குக் கைக்கு வருமாம். "அம்மாவோட தையல் மெஷின்ல பழகின காலு. செருப்பு போட்டா ஊமையாயிடும்" என்றார்.

கோலின் முனையில் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மஞ்சளை மிதித்தார். முனையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெல்லிய ஒளி, அணையப் போகிற விளக்குத் திரியின் நுனி மாதிரி. குட்டிக் குட்டிக் குமிழிகள். கோல் போன இடத்தில் இறைச்சி உருகவில்லை, கருகவில்லை. அப்படியே காணாமல் போனது. யாரோ மெதுவாகத் துடைத்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம்.

நான் நாற்பது வருஷமாக நெருப்போடு குடும்பம் நடத்துகிறவன். கண்ணை ஏமாற்றலாம், என் மூக்கை ஏமாற்ற முடியாது. எதிர் வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடேறினால் இங்கே எனக்குத் தெரியும். குனிந்து மோந்து பார்த்தேன். தீய்ந்த வாடை இல்லை. புகை இல்லை. அவர் கோலை எடுத்ததும், பள்ளத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆறிப்போன காபி டம்ளரைத் தொட்ட மாதிரி.

"எத்தனை டிகிரி?" என்றேன்.

"நாப்பதுலேருந்து எழுபது. பழைய மாதிரி மின்சாரத்துல சுட்டு எடுத்தா இதைவிடப் பல மடங்கு. பக்கத்துல இருக்கற நல்ல சதையும் வெந்துடும்."

அப்புறம் எப்படி வெட்டுகிறது என்று கேட்டேன். சூடு இல்லாமல் எதுவும் அறுபடாது, அது என் அனுபவம். டாக்டரம்மா சற்று யோசித்தார். எனக்குப் புரிகிற பாஷையைத் தேடினார் என்று நினைக்கிறேன். மின்சாரம் உப்புத் தண்ணீரில் ஓடும்போது முனையைச் சுற்றி ஒரு படலம் உண்டாகிறது. அது சதையைச் சுடுவதில்லை, சதையைச் சதையோடு பிடித்து வைத்திருக்கும் கட்டுகளை அவிழ்க்கிறது என்று ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பட்டறைக்காரரே, ரெண்டு தகட்டைப் பிரிக்க ரெண்டு வழி. நீங்க உருக்கறீங்க. நான் போல்ட்டைக் கழட்டறேன்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வார்த்தையில் என் தலைக்குள் ஒரு போல்ட் கழன்றது. மூன்றாம் வகுப்புக்கு மேல் எனக்கு எந்த வாத்தியாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஆனாலும் விட்டுக் கொடுக்காமல், அப்படியானால் வலியே இருக்காதா, ஆபத்தே இல்லையா என்று கேட்டேன். இருக்காது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். குறையே இல்லாத சரக்கு விற்கிறவனை நான் நம்புவதில்லை. அவர் விரலை மடக்கிச் சொன்னார்: கொஞ்ச நாள் வலி இருக்கும், பழைய முறையைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், ரத்தம் கசிகிற வாய்ப்பு இதிலும் உண்டு, அப்படி வந்தால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும், மயக்க மருந்துக்கு என்று தனியாக ஒரு டாக்டர் இருப்பார், அவரிடமும் பேசிக்கொள்ளுங்கள்.

"சரி, எடுங்க" என்றேன். "ஆனா என் பாக்கி பாக்கிதான்."

"கதவு கத்தறதும் கத்தறதுதான்" என்றார் அவர்.

ஆபரேஷன் அன்றைக்குப் பேத்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது அவள் திரும்பி எனக்குக் கையசைத்தாள். பதிலுக்கு நானும் அசைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. என்னைப் போன்ற ஆளுக்கு வேலை இல்லாமல் உட்காருவதைவிடத் தண்டனை கிடையாது. வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வெல்டிங்கைப் பார்த்தேன். ஒன்றுகூட உருப்படியில்லை. மூன்றாவது நாற்காலியின் காலைப் பற்றவைத்தவன் என் பட்டறையில் இருந்திருந்தால் அன்றே துரத்தியிருப்பேன் என்று மகளிடம் சொன்னேன். "அப்பா, அந்த நாற்காலியை ஏற்கெனவே ரெண்டு தரம் பார்த்துட்டீங்க" என்றாள் அவள். இது வேற கால் என்றேன்.

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். இடது காலில் செருப்பு, வலது காலில் இல்லை. மிதிகட்டையிலிருந்து நேராக எழுந்து எங்களிடம்தான் வந்திருக்கிறார். "கழட்டியாச்சு" என்றார் என்னிடம். செவிப்பறையில் ஊசிமுனைத் துளை போட்டுத் தேங்கியிருந்த நீரையும் எடுத்தாகிவிட்டது என்று மகளிடம் சொன்னார். என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அது கூச்சம் போலிருக்கிறது, இன்னொரு கையால் கொண்டையில் டார்ச்சைத் தேடினார்.

பேத்தி கண் விழித்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "என்ன கண்ணு, தாத்தா வந்திருக்கேன் பாரு, ஒண்ணும் இல்ல, தைரியமா இரு" என்று எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினேன். அவள் முகத்தைச் சுளித்தாள். குரல் கரகரவென்று இருந்தது.

"தாத்தா, ஏன் கத்தறே?"

என் மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். என் வாழ்நாளில் என்னை ஒரே வார்த்தையில் அடக்கியவர்கள் குறைவு.

ரெண்டு மூன்று நாள் ஐஸ் கட்டியும் குளிர்ந்த பாலுமாகப் படுத்திருந்தாள். பிறகு வீடு மாறிப்போனது. குழாய் சொட்டுகிறது என்றாள். அடுத்த வீட்டில் ஒருவர் விசிலடிக்கிறார் என்றாள். பாட்டு டீச்சர் மாதிரி எல்லாரையும் மெதுவாகப் பேசச் சொன்னாள். மத்தியானம் தூங்கும்போது வாய் மூடியிருந்தது. ஜன்னல் கம்பி அதிரவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாமல், ரெண்டு தரம் எழுந்து போய் அவள் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். பூப்போலக் காற்று வந்து போனது. எஞ்சின் என்ற பெயரை அன்றோடு எடுத்துவிட்டோம்.

மறுபடி காட்ட வரச் சொன்ன நாளில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வாசல் கதவைத் தள்ளினேன். பேத்தி நின்ற இடத்திலேயே நின்று ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, கதவு அழுவுது."

மகளும் தலையை ஆட்டினாள். நீ ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க கதவைச் சொல்ல இந்த வீட்ல யாருக்கு தைரியம் இருக்கு?" என்றாள்.

நான் வேஷ்டியை மடித்துக் கட்டினேன். பையில் எப்போதும் ஒரு ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் இருக்கும், மற்றவர்கள் வெற்றிலைப் பெட்டி வைத்துக்கொள்கிற மாதிரி. மேல் கீலைக் கழற்றிப் பார்த்தேன். தூண் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது, அதனால் கீல் சாய்ந்து ஒரு பக்கம் தேய்கிறது. தூண் கட்டியவன் வேறு ஆள், அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வாஷரைச் சொருகினேன். கிரீஸ் தடவினேன். ஆட்டினேன். என் காதுக்கு முன்பும் பூனை நடந்தது, இப்போதும் பூனைதான் நடந்தது. ஆகவே பேத்தியைப் பார்த்தேன்.

"இன்னும் அழுவுது."

இன்னொரு வாஷர்.

"கொஞ்சமா."

ஸ்பேனரைக் கால் சுற்று திருகினேன். கதவு போனது, வந்தது. அவள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"தூங்கிடுச்சு" என்றாள்.

படியில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அவர் நடக்கிற சத்தமும் கேட்காது. இறங்கி வந்து கதவைத் திறந்தார், மூடினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. பேத்தியை வாய் திறக்கச் சொல்லி, கொண்டையிலிருந்து டார்ச்சை, ஆச்சரியமாக முதல் தேடலிலேயே எடுத்து, உள்ளே பார்த்துத் தலையசைத்தார். பிறகு பர்ஸைத் திறந்தார்.

நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். எல்லாம் ஐந்நூறு நோட்டுகள். ஒவ்வொன்றையும் உருவி, ரெண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று காதோரம் சொடுக்கிக் கேட்டு, என் கையில் வைத்தார். ஏழு ஆனது. எட்டாவது நோட்டைப் பிடித்தபடியே என் முதுகுப் பக்கம் போய்விட்டார்.

எனக்கா தெரியாது இந்த வித்தை? பேத்திக்குச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அவசரப்படாமல் சற்று நேரம் கொடுத்து, தலையை லேசாகச் சாய்த்து, "கேக்குது, நல்லாவே கேக்குது" என்றேன்.

எதிரே நின்ற பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, அவங்க இன்னும் தேய்க்கவே இல்ல."

டாக்டரம்மா முன்னால் வந்து எட்டாவது நோட்டை மற்றவற்றின் மேல் வைத்தார். காற்றடித்து நோட்டுகளின் ஓரம் எழும்பியது. கோட்டுப் பையில் கைவிட்டு, என் பட்டறையில் நான் வெட்டிக் கொடுத்த டோக்கன்களில் ஒன்றாம் நம்பரை எடுத்து, நோட்டுகளின் மேல் பாரமாக வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.